நீரின் ஏழாவது பலகை

குமாகிச்சி தாளை இரண்டு விரலால் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டியபோது அதில் இன்னும் ஒன்றுமே இல்லை, ஈரம் மட்டும்தான், படத்தை வரைந்த இவாவோ எதிரில் உட்கார்ந்து அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நேற்றே நனைத்து, அடுக்கி, மேலே கனம் வைத்து அமுக்கிய நார்த்தாள். தொட்டால் விரலில் ஈரம் ஒட்டக்கூடாது, கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கவேண்டும், அதுதான் பதம் என்பார் குமாகிச்சி. சொல்வதோடு விடமாட்டார், நாற்பது வருஷமாக அச்சடிக்கிற மனுஷன், இன்னும் ஒவ்வொரு தாளையும் கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பார், குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. அந்த மாதிரி வேண்டாம். வேறு மாதிரி நினைக்கலாம், பூசணிக்காயைத் தட்டிப் பார்க்கிற மாதிரி, துணியின் நயம் பார்க்கிற மாதிரி. இவாவோ கைகளைச் சட்டைக்கைகளுக்குள் நுழைத்துக்கொண்டான். அறை குளிர்ந்து கிடந்தது. எந்தக் குளிரானாலும் இந்த அறையில் கணப்புச் சட்டி வைக்கக்கூடாது. சூடு பட்டால் தாள் காயும், காய்ந்தால் சுருங்கும், மயிரிழை சுருங்கினாலும் அடுத்த பலகையின் நிறம் கோட்டுக்குள் போய் உட்காராது. ஒரு படத்துக்கு முப்பத்துநாலு ஒற்று. முப்பத்துநாலு தடவை அந்தத் தாள் பலகைகளின்மேல் குப்புறப் படுத்து எழுந்திருக்கவேண்டும், கடைசிவரை ஈரமாகவே இருக்கவேண்டும். கணப்பு பக்கத்து அறையில் இருந்தது. அவன் மனைவி ஷினோவும் அங்கேதான் இருந்தாள். நடுவில் காகிதக் கதவு சாத்தியிருந்தது. அவள் இடுக்கியால் கரியைக் கிளறுகிற சத்தம் எப்போதாவது வந்தது, அது வரும்போதெல்லாம் அவள் இன்னும் எழுந்து போய்விடவில்லை என்று தெரிந்துகொண்டான்.

"கோட்டுப் பலகை முதல்ல," என்றார் குமாகிச்சி, செர்ரி மரப் பலகையின்மேல் மசியைத் தடவிக்கொண்டே. "நீங்க மூச்சைக் கொஞ்சம் அந்தப் பக்கமா விடுங்க சென்செய், இந்த வேகத்துல விட்டா தாள் காஞ்சு அப்பளமாப் போயிடும்." சென்செய். அந்த ஊரில் ஓவியனையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், வைத்தியனையும் அப்படித்தான். பிப்ரவரியில் ஒன்பது நாள் இந்த வீட்டுக்கு வந்துபோன வைத்தியரைக் கூடத்தில் ஷினோ சென்செய் சென்செய் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது இவன் மாடியில் உட்கார்ந்து, தன்னைத்தான் கூப்பிடுகிறாளோ என்று ஒவ்வொரு தடவையும் பாதி எழுந்து உட்கார்ந்தான். கூப்பிடவில்லை. தாள் பலகையின்மேல் இறங்கியது, மூலையில் செதுக்கிய இரண்டு குறிகளில் அதன் ஓரம் கட்டைவிரலுக்குக் கீழே போய்ப் பொருந்தியது. மூங்கில் மடல் சுற்றிய வட்டமான தேய்ப்பானை எடுத்து, உடம்பின் பாரத்தை முழுக்கத் தோளிலிருந்து இறக்கித் தேய்த்தார் குமாகிச்சி. சர்க், சர்க், சர்க். எடுத்தார். நாகாஸே பாலம் இருந்தது. மரத்தூண்கள், கைப்பிடி, தூரத்தில் மாவு மில்லின் புகைபோக்கி, பாலம் முடிகிற இடத்தில், கடைசித் தூணைத் தாண்டி, பின்னால் ஒன்றுமில்லாத வெளியில், குடை பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு கட்டைவிரல் உயரம்கூட இல்லாமல், அவன் மகள் நவோ. இன்னும் நிறமில்லை. வெறும் கோடு. தோள்களைக் காதுவரை தூக்கிக் குறுக்கியிருந்தாள். வலது காலைத் தூக்கி இடது கெண்டைக்காலில் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வயது, எட்டு ஆகவில்லை, இனிமேல் ஆகப்போவதும் இல்லை. குமாகிச்சி அந்த இடத்தைப் பார்க்காமல் பாலத்தின் தூண்களையே பார்த்துக்கொண்டு, "கோடு சுத்தமா விழுந்திருக்கு," என்றார். "இசோமுரா கைன்னா சும்மாவா."

இசோமுரா மத்தியானம் வருவார். இந்தப் பலகைகளைச் செதுக்கியவர் அவர்தான், இன்றைக்கு அதே பலகையிலிருந்து அவளை எடுப்பதற்காக உளியோடு வருகிறார். வரச்சொன்னது இவாவோ. கேட்டது ஷினோ. மூன்று நாளைக்கு முன் காலைச் சாப்பாட்டின்போது, முள்ளங்கி ஊறுகாயை அவன் கிண்ணத்தில் எடுத்து வைத்துக்கொண்டே, உப்பு போதுமா என்று கேட்கிற குரலில் கேட்டாள், "அந்தப் பலகையிலேர்ந்து அவளை எடுத்துடுங்க." அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். "கடல் தாண்டி எங்கேயோ போகுதுங்கிறீங்க. யாரோ ஒரு வெள்ளைக்காரங்க வீட்டுச் சுவத்துல எம் பொண்ணு குளிர்ல நின்னுகிட்டு இருக்கவேணாம். அவங்க சாப்பிடுவாங்க, சிரிப்பாங்க, விளக்கை அணைச்சுட்டுத் தூங்கப் போவாங்க. அவ நின்னுகிட்டே இருப்பா." பத்து மாதத்தில் அவள் இத்தனை வார்த்தை சேர்த்துப் பேசினது அதுதான். சரி என்றான். சரி என்றவன் அன்றைக்கே உளியை வைத்து எடுத்திருக்கவேண்டும், யாரும் பார்க்காமல் எடுத்திருக்கவேண்டும். குமாகிச்சியிடம் போய், முதலில் ஒரே ஒரு தாள் அடித்துப் பார்த்துவிடலாம் என்று சொன்னது எதற்காக? பார்ப்பதற்குத்தான். வேறெதற்கு. அவளுடைய முகம் என்று அவர்களிடம் ஒரு புகைப்படம் இருக்கிறது, மூன்று வயதில் ஸ்டூடியோவில் எடுத்தது, ஒன், டூ என்று எண்ணும்போது திரும்பிவிட்டாள், முகம் இருக்கவேண்டிய இடத்தில் புகை மாதிரி ஒரு இழுப்பு இருக்கிறது. அப்புறம் இந்த முதுகு. அவ்வளவுதான் அவள். ஒரே ஒரு தாள் என்பதை ஷினோவிடம் அவன் சொல்லவில்லை.

"தண்ணிக்கு ஏழு பலகை!" குமாகிச்சி அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "எங்கப்பா காலத்துல தண்ணின்னா ஒரே நீலம், மேல கொஞ்சம் துடைச்சு விட்டா ஆழம். எந்த மீனும் வந்து குறை சொல்லல. ஏழாவது எதுக்குன்னு மாசக்கணக்கா கேக்கணும்னு இருக்கேன்." "நிழலுக்கு," என்றான் இவாவோ, "பாலத்தில இருக்கிறதெல்லாம் தண்ணியில தெரியுமில்ல." "தெரிஞ்சா தெரியட்டுமே, அதையும் நாம அடிச்சுத்தான் காட்டணுமா? பார்க்கிறவன் கண்ணு அந்தச் சின்ன வேலையைக்கூடச் செய்யாதா?" சிரித்தார், இவன் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். அவர் சொல்வதும் சரிதான். பழைய பாணிப் படங்களில் ஆற்றில் எதுவும் தெரியாது. ஆறு ஆறாக ஓடிக்கொண்டிருக்கும், படகு அதன்மேல் வைத்த மாதிரி இருக்கும், யாருக்கும் குறையில்லை. இவாவோதான் எண்ணெய் ஓவியம் கற்றவன். பதினெட்டு வயதில் மீசைக்கார ஆசிரியர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தான், பாரிஸிலிருந்து திரும்பியவர், வகுப்பில் சுருட்டை வாயில் வைத்துக்கொண்டே மாணவர்களின் விரலைப் பிரம்பால் தட்டுவார், பார்க்காததை வரையாதே, பார்க்காததை வரையாதே. கழுதை மாதிரி அதைச் சுமந்துகொண்டு கடல் கடந்து இவனும் போனான், ஒரு வெளிநாட்டு அருங்காட்சியகத்தில், தன் ஊரில் மீன் சுற்றிக் கொடுத்த பழைய மரஅச்சுப் படங்களைக் கண்ணாடிக்குள் வைத்து வெள்ளைக்காரர்கள் மூச்சைப் பிடித்துப் பார்ப்பதைக் கண்டான், கழிவறைக்குள் போய் அழுதான், திரும்பி வந்து சாயத்தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மரத்துக்கு வந்தான். ஆனால் அந்தப் பிரம்படி விரலில் இருந்தது. மேகத்துக்கு ஓரம் இல்லை, நிழலுக்குள் ஊதா இருக்கிறது, தண்ணீருக்குள் பாலம் இருக்கிறது. பழைய ஆட்கள் பாலத்தில் ஒரு மனுஷி வேண்டுமென்றால் மனசிலிருந்து எடுத்து வைத்துவிடுவார்கள், குடை ஒரு வளைவு, முதுகு ஒரு வளைவு, முடிந்தது, சோறு தின்னப் போய்விடுவார்கள். யாரையும் கொண்டுபோய் நிற்க வைக்கவில்லை. அவர்கள் படத்துக்காக எந்தக் குழந்தைக்கும் சளி பிடித்ததில்லை.

மழையும் பனியுமாகக் கலந்து விழுந்துகொண்டிருந்தது அன்றைக்கு. கனமாக இல்லை, கனமாக இருந்தால் திரும்பியிருப்பான், இருப்பானா, தெரியவில்லை. மாவு மில்லின் ஒன்பது மணிச் சங்கு ஊதியபோது ஆரம்பித்தான். குறிப்பேடு தீர்ந்துபோயிருந்தது, பையில் பிரதி எடுக்கிற மெல்லிய தாள்தான் இருந்தது, அதைப் பலகையில் குத்தி, மேலே எண்ணெய்த்துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். நவோ பாலத்தின் மறுகோடிவரை ஓடிப்போய் நின்று, "இங்கயாப்பா? இங்கயா?" என்று கத்தினாள். இன்னும் தள்ளி. இன்னும். அங்கேதான். திரும்பாதே. முதலில் அவளுக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது, ஒரு நாய் வந்தது, அதைத் துரத்திக்கொண்டு ஓடினாள், அது ஐந்து நிமிடம் இருக்கும், அவள் நின்ற நேரத்திலிருந்து அந்த ஐந்தைக் கழித்துவிடலாம். பென்சில் முனை உடைந்தது, சீவினான், அது ஒரு நாலு நிமிடம், ஆனால் சீவும்போதும் அசையாதே என்றுதான் சொன்னான், அதைக் கழிக்க முடியாது. பாலத்துக்கு இருபது நிமிடம். அவள் இல்லாமலே பாலத்தை வரைந்துவிட்டு அவளைக் கடைசியில் நிற்க வைத்திருக்கலாம். இல்லை, வைத்திருக்க முடியாது, ஆள் நிற்கும்போது பாலத்தின் ஈரப் பலகையில் விழுகிற நிழல் கைப்பிடியின் நிழலோடு சேர்கிற இடம் இருக்கிறதே, அது பிரம்புக்காரருக்குத் தெரியும். இருபது. அப்புறம் தண்ணீர். தண்ணீருக்குள் குடையின் சிவப்பு கலைந்து கலைந்து மறுபடி கூடிக்கொண்டிருந்தது, அதைப் பிடிக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவனுக்கு இன்றுவரை தெரியவில்லை, அப்படி ஒரு சந்தோஷம், அதுதான், அந்தச் சந்தோஷத்தைத்தான் அவனால் எங்கேயும் கொண்டுபோய் வைக்க முடியவில்லை. "இன்னும் எவ்வளவு நேரம்பா?" குரல் தண்ணீரின்மேல் தவழ்ந்து வந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான், அசையாதே. பத்து மணிச் சங்கு ஊதிற்று. "அப்பா, சங்கு ஊதிடுச்சு." ஊதினால் ஊதட்டும், அசையாதே. அப்போதுதான் அவள் வலது காலைத் தூக்கி இடது கெண்டைக்காலில் தேய்த்தாள், மரக்கட்டைச் செருப்பு ஒன்று தனியாகப் பாலத்தில் நின்றது, ஆகா என்று அவன் அதை வரைந்தான். ஆகா என்று. வாய்விட்டே சொன்னான்.

"எவ்வளவு நேரம் நிக்க வெச்சீங்க?" ஷினோ காய்ச்சலின் நாலாம் நாள் கேட்டாள், ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே. பத்து நிமிஷம் என்றான். அந்தச் சொல் அவன் வாயிலிருந்து போனதை அவனே பார்த்தான், பூச்சி மாதிரி பறந்துபோய் அவளுடைய முதுகில் உட்கார்ந்தது, அவள் அதைத் தட்டிவிடவில்லை. மடித்துப்போட்டிருந்த குழந்தையின் உடுப்பு அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது, பஞ்சு வைத்துத் தைத்த குளிர் உடுப்பு, பத்து நிமிடத்தில் பஞ்சின் உள்வரைக்கும் நனையாது என்று எந்தத் தாய்க்குத் தெரியாது. தெரிந்துகொண்டே பேசாமலிருந்தாளா, இல்லை தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இருந்தாளா? பத்து மாதமாக அவன் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அந்தப் பத்து நிமிஷமும் கூட வந்து உட்காருகிறது. ஒரு நாள் சொல்லிவிட வேண்டும். எப்படி ஆரம்பிப்பது? சங்கிலிருந்து ஆரம்பிக்கலாம். அன்றைக்கு மில்லில் சங்கு. இல்லை, நாயிலிருந்து. ஒரு நாய் வந்தது, வெள்ளை நாய், அதை அவள் துரத்தினாள், சிரித்தாள். ஷினோ அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு நிமிடம் சந்தோஷப்படுவாள், அதற்குப் பிறகு மீதி ஐம்பத்தைந்து நிமிடத்தை எங்கே கொண்டுபோய்ச் சொருகுவது.

"சிவப்பு இது போதுமா சென்செய்?" பதினெட்டாவது ஒற்று. கிண்ணத்தில் சிவப்பைக் குழைத்து, ஒரு துளி அரிசிக் கூழ் விட்டு, தூரிகையால் எடுத்து வெள்ளைத் துண்டுத் தாளில் இழுத்துக் காட்டினார் குமாகிச்சி. குடைக்கான சிவப்பு. கொஞ்சம் குறைக்கலாம் என்றான். "கொஞ்சம்னா?" உள்ளேயிருந்து வருகிற மாதிரி, மேலே பூசின மாதிரி இல்லாமல், என்று சொன்னான், சொன்ன பிறகுதான் அது எந்தச் சிவப்பு என்று தெரிந்தது. ஆறாம் நாள் விளக்கின் பக்கமாகக் கிடந்தாள், கன்னம் உள்ளேயிருந்து எரிந்துகொண்டிருந்தது, மூச்சுக்கு மூச்சு நெஞ்சில் காகிதம் கிழிகிற சத்தம், அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், நல்ல தகப்பன், கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது, அதெல்லாம் உண்மைதான், ஆனால் மண்டைக்குள் யாரோ சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், இந்தச் சிவப்புக்கு இரண்டு ஒற்று வேண்டும், முதலில் மஞ்சள் கலந்த இளஞ்சிவப்பு, அது ஊறினதும் மேலே நீர்த்த கருஞ்சிவப்பு, ஓரத்தைத் துடைத்துவிடவேண்டும். அவன் அந்த ஆளை விரட்டப் பார்த்தான். போகவில்லை. இதோ இப்போதும் உட்கார்ந்திருக்கிறான், தலையாட்டுகிறான். "இதுதான்," என்றான் இவாவோ. குமாகிச்சி தாளை இறக்கினார். சர்க், சர்க். குடை சிவந்தது.

வரைந்து முடித்ததும் வீட்டுக்குப் போயிருக்கலாம். வீட்டுக்குப் போகிற வழியில்தான் இசோமுராவின் பட்டறை. உள்ளே நுழைந்து அந்த மெல்லிய தாளை அவர் முன்னால் விரித்தான், ஈரத் தலையோடு, குழந்தை மாதிரி. எந்தப் படத்தையும் மூலத்தை வைத்துக்கொண்டு, அதன்மேல் மெல்லிய தாளை வைத்து எடுத்த பிரதியைத்தான் செதுக்கக் கொடுப்பான், முப்பது வருஷப் பழக்கம். அன்றைக்கு மெல்லிய தாளிலேயே மூலம் இருந்தது, கோடு உயிரோடு இருந்தது, பிரதி எடுத்தால் செத்துவிடும் என்று தோன்றிற்று. இதையே வைத்துக்கொள்ளுங்கள் என்றான். இசோமுரா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இந்தக் கால் நல்லாருக்கு," என்றார். அவர் மனைவி வாசலில் உட்கார்ந்து தும்மிக்கொண்டிருந்த நவோவுக்குச் சுட்ட சக்கரைவள்ளிக்கிழங்கு ஒன்று கொடுத்தாள், அதை இரண்டு கன்னத்திலும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே வீடுவரை வந்தாள், தின்னவில்லை. காரியமெல்லாம் முடிந்து பதினோராம் நாள் படத்தைத் திருப்பி வாங்க ஓடினான். ஓடினான் என்றால் ஓடினான், செருப்பு அறுந்தது. இசோமுரா உளியைக் கீழே வைத்தார். "படமா? பலகையில இருக்கு சென்செய். வேற எங்க இருக்கும்?" குப்புறப் பசைபோட்டு ஒட்டி, பின்பக்கத்துத் தாளை விரலால் உருட்டி உருட்டித் தேய்த்து எடுத்து, எண்ணெய் தடவி, கோடு தெரியத் தெரிய, கோட்டை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வெட்டியெடுத்து. இவனுக்குத் தெரியாததா? நூறு படத்துக்கு நடந்ததுதான். பார்த்துப் பார்த்துச் செய்கிறவர்கள் இரண்டு ஊர் வித்தையையும் ஒன்றாகக் கலக்கும்போது எந்தக் குழி எங்கே வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கும் என்று பார்த்திருக்கவேண்டும். பட்டறைத் தரையில் சீவல்களோடு அரிசி அளவுக்குத் தாள் துணுக்குகள் கிடந்தன, ஒன்றைப் பொறுக்கினான், அதில் பென்சில் தடம் இருந்தது, மேகமா தண்ணீரா தெரியவில்லை.

முப்பத்துநாலாவது ஒற்று மழை. மழையில்லாமல் விட்டுவிட்டால் என்ன என்று ஒரு நொடி நினைத்தான். இதே பலகைகளில் நிறத்தை மாற்றினால் காலை மாலையாகும், குளிர்காலம் கோடையாகும், எத்தனையோ படத்துக்குச் செய்திருக்கிறான். மழைப் பலகையை ஒதுக்கிவிட்டு, ஆகாயத்தை வெளுத்து, கொஞ்சம் மஞ்சள் காட்டினால் கோடைக்காலையில் ஒரு பெண் வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்பாள், கொசு கடித்த காலைச் சொறிந்துகொண்டிருப்பாள். ஷினோவிடம் காட்டலாம், பார், அவளுக்குக் குளிரவில்லை. ஆனால் அந்தத் தோள். எந்த வெயிலில் ஒரு குழந்தை தோளைக் காதுவரைக்கும் தூக்கும்? இசோமுரா அவ்வளவு விசுவாசமாக வெட்டியிருந்தார். "அடிக்கட்டுமா?" அடியுங்கள் என்றான். பனிமழை விழுந்தது. குமாகிச்சி தாளை உயர்த்திப் பிடித்தார், வழக்கமாக இந்த இடத்தில் ஏதாவது கிண்டல் சொல்வார், இன்றைக்குச் சொல்லவில்லை, தாளை இவாவோ மடியில் வைத்துவிட்டுக் கிண்ணம் கழுவப் போனார். நன்றாக இருந்தது. அதுதான் கொடுமை, அவன் செய்ததிலேயே அதுதான் நன்றாக இருந்தது. தண்ணீரில் சிவப்பு கலைந்துகொண்டே இருந்தது. இன்னும் எவ்வளவு நேரம்பா. பக்கத்து அறையில் கரி கிளறுகிற சத்தம் கேட்கவும், திருடன் மாதிரி அந்தத் தாளை நனைத்த தாள்களின் அடுக்குக்கு நடுவே நுழைத்து, மேலே ஈரத் துணியை இழுத்து மூடினான்.

இசோமுரா சொன்ன நேரத்துக்கு வந்தார், துணியில் சுருட்டிய உளிகளோடு. மூன்று பேரும் பலகைகளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். "கோட்டுப் பலகையில ஓரிடம். குடைச் சிவப்புல ஓரிடம். உடுப்புக் கருநீலத்துல ஓரிடம். மூணுதானே?" "மூணுதான்," என்றார் குமாகிச்சி. "மூணுதான்," என்றான் இவாவோ. பலகையில் அவள் இடம்வலம் மாறி நின்றுகொண்டிருந்தாள், மரத்தில் எழுந்து நின்ற கோடுகள், மசி ஊறிக் கறுத்து. இசோமுரா உளியை வைத்தார், வைத்தபடியே, "எடுத்துடட்டா?" என்று கேட்டார், இன்னொரு தடவையும் கேட்டார், அவன் தலையை ஆட்டினான். நகம் அளவுக்குச் சீவல் வந்தது. அடுத்த பலகை, அடுத்தது. மூன்று சீவல். கை பழகின பழக்கத்தில் இசோமுரா குனிந்து பலகையை வாயால் ஊதினார், எத்தனையோ ஆயிரம் தடவை ஊதின ஊதல், சீவல்கள் எழுந்து எங்கேயோ போயின. பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டார். மூன்று பேரும் தரையில் தேடவில்லை.

இரண்டாவது தாள் சீக்கிரம் போயிற்று, நிறங்களெல்லாம் குழைத்தே இருந்தன. அவள் இல்லாத கோடு, அவள் இல்லாத ஆகாயம், அவள் இல்லாத பாலம். ஒவ்வொரு பலகையையும் குமாகிச்சி வரிசைப்படி எடுத்தார், ஒவ்வொன்றையும் வரிசைப்படி வைத்தார், இவாவோ பார்த்துக்கொண்டேதான் இருந்தான், பார்க்காததை வரையாதே, ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பார்க்காமலிருக்கவும் மனுஷனால் முடிகிறது. மூன்று மணிக்கு வேலைக்காரர்களுக்குத் தேநீர் கொடுப்பது வீட்டு வழக்கம். காகிதக் கதவு நகர்ந்தது. ஷினோ தட்டோடு உள்ளே வந்து, மண்டியிட்டு உட்கார்ந்து, குமாகிச்சிக்கு ஒன்று, இசோமுராவுக்கு ஒன்று, இவாவோவுக்கு ஒன்று வைத்தாள். அப்புறம், அந்த அறைக்குள் பத்து மாதத்தில் முதல் தடவையாக, தாளைப் பார்த்தாள். பாலத்தைப் பார்த்தாள். கடைசித் தூணுக்கு அப்பால் வெறும் மழை. அவள் தோள் கொஞ்சம் இறங்கினதை இவாவோ பார்த்தான். பிறகு அவளுடைய கண் கீழே வந்தது, கீழே வந்து நின்றது. இவனும் அங்கே பார்த்தான். இசோமுராவும் பார்த்தார். பாலத்துக்குக் கீழே, மேலே யாருமே இல்லாமல், தலைகீழாக, கலைந்து கலைந்து கூடிக்கொண்டு, ஒரு சிவப்புக் குடையும் ஒரு சின்ன உருவமும் ஆற்றுக்குள் இருந்தன. ஏழாவது பலகை. இரண்டு கைவினைக்காரர்களுக்கும் ஆற்றின் நிழலையும் எடுக்கவேண்டும் என்று தோன்றாதது ஆச்சரியமில்லை, அவர்கள் பிறந்து வளர்ந்த படங்களில் அது கிடையாது. தோன்றியிருக்கவேண்டியவன் ஒருத்தன்தான்.

"தண்ணியில இருக்காளே," என்றாள் ஷினோ. "தண்ணி இன்னும் குளிருமே." இசோமுரா தேநீரைத் தள்ளிவைத்துவிட்டு உளிச் சுருட்டை அவிழ்த்தார், "இதோம்மா, ஒரு நிமிஷம், அதையும் எடுத்துடறேன்," என்றார். "வேணாம், விடுங்க." அவள் இவாவோ பக்கம் திரும்பினாள். "அவ மேல நிக்கிற தாள் ஒண்ணு இருக்குல்ல." அவன் நனைத்த தாள்களின் அடுக்கைப் பார்த்தான். "காலையில இவர் வர்றதுக்கு முன்னாடியே முப்பத்துநாலு தடவை தேய்ச்சாச்சு. எண்ணிக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன்." அவன் எழுந்து, ஈரத் துணியை விலக்கி, அடுக்கின் நடுவிலிருந்து எடுத்துக் கொடுத்தான். இரண்டு கையாலும் வாங்கினாள். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள், அந்தத் தோளை, அந்தக் காலை, தனியாக நின்ற செருப்பை. அழவில்லை. எழுந்து கதவைத் தாண்டிப் போய், கணப்புச் சட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். எரிக்கப்போகிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. எரிக்கட்டும் என்று நினைத்தானோ, கால்தான் எழவில்லையோ, நின்ற இடத்திலேயே நின்றான், திரும்பாதே, அசையாதே. அவள் தாளைத் தணலுக்கு ஒரு சாண் மேலே விரித்துப் பிடித்தாள். அதற்குமேல் இறக்கவில்லை. ஈரம் மெல்லிய ஆவியாக எழும்பி அவள் கைகளுக்கு நடுவே போயிற்று. "அம்மா!" குமாகிச்சி பாய்ந்து எழுந்தார். "சூடு காட்டக்கூடாதும்மா, சுருங்கிடும், தாள் சுருங்கிடும்!" "சுருங்கட்டும்," என்றான் இவாவோ.

தாள் முணுமுணுவென்று சின்னச் சத்தம் போட்டு ஓரத்திலிருந்து குறுக ஆரம்பித்தது. ஷினோ அதை மெல்ல அப்படியும் இப்படியும் நகர்த்தி எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி சூடு காட்டினாள். திரும்பாமலே கேட்டாள், "எவ்வளவு நேரங்க?" அவன் சங்கிலிருந்து ஆரம்பிக்கவில்லை, நாயிலிருந்தும் ஆரம்பிக்கவில்லை. "ஒரு மணி நேரம்," என்றான். அப்புறம், "அதுக்கும் மேல. இன்னும் எவ்வளவு நேரம்னு கேட்டா. அசையாதேன்னு சொன்னேன்." அவள் கை நின்றது. கரி ஒன்று உடைந்து சாம்பலுக்குள் அமுங்கிற்று. பிறகு அவள் தாளைத் திருப்பி, அதன் முதுகுப் பக்கத்தைத் தணலுக்குக் காட்டினாள்.